செப்டம்பரைத் திருப்பிக் கொடுங்கள்

மேஜர் லீக் பேஸ்பாலின் முப்பது கிளப் உரிமையாளர்களுக்கும், அந்தக் கிளப்களின் வீரர் வளர்ப்புப் பிரிவுத் தலைவர்களுக்கும்,

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஆகவே உங்களில் எவரும் இதைப் படிக்கப்போவதில்லை. படிக்கப்போகிறவர்கள் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருக்கும் சில விஷயங்களையும் இடையிடையே விளக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் அணிகளின் பிளேஆஃப் ஆட்டங்களை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிட்டீர்கள். கோப்பை இருக்கிறது, கொண்டாட்டப் படங்கள் இருக்கின்றன. ஜெயித்தே தீர வேண்டும் என்ற முனைப்பை மட்டும் அதிலிருந்து உருவிவிட்டீர்கள். அதைத் திருப்பிக் கொடுத்தால் இளம் வீரர்களின் வளர்ச்சி கெட்டுவிடும் என்று அஞ்சுகிறீர்கள். கெடாது என்பதற்கு உங்கள் விளையாட்டின் சரித்திரமே சாட்சி சொல்கிறது.

இன்றைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவோம். 2020 வரை 160 ஊர்களில் உங்கள் அணிகள் இருந்தன. கொரோனாவால் ஒரு சீசன் முழுக்க ரத்தான கையோடு அந்த எண்ணிக்கையை 120 ஆகக் குறைத்தீர்கள். கிளப்புக்கு நான்கு அணிகள், மேலிருந்து கீழாக: டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. கனடாவின் வான்கூவர் நீங்கலாக எல்லாம் அமெரிக்க ஊர்கள். டிரிபிள்-ஏ அணி ஆண்டுக்கு 150 ஆட்டம் ஆடுகிறது, டபுள்-ஏ 138, கீழே இருக்கும் இரண்டு நிலைகளும் 132. பிளேஆஃப் போவது யார் என்பதைத் தீர்மானிக்க இந்தச் சீசனை இரண்டாக வெட்டுகிறீர்கள். ஜூன் மாதத்தில் முதல் பாதி முடியும்போது முன்னால் இருக்கும் அணிக்கு அப்போதே ஓர் இடம் உறுதி. பிறகு எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, செப்டம்பரில் இரண்டாம் பாதியை வென்றவர்களுக்கு இன்னோர் இடம். இந்த இருவரும் மூன்று ஆட்டத் தொடர் ஒன்றில் மோதுகிறார்கள். டிரிபிள்-ஏயில் அதுவே லீக் பட்டத்தைத் தீர்மானிக்கிறது; மற்ற நிலைகளில் பெரும்பாலும் அதில் தேறியவர்கள் லீக் சாம்பியன் பட்டத்துக்கு மோதுகிறார்கள்.

இதில் என்ன கோளாறு? ஜூனில் வென்ற அணி செப்டம்பரில் இருப்பதில்லை. அதே ஊர், அதே சட்டை, அதே சின்னம், ஆட்கள் வேறு. நன்றாக அடித்த பையன்களை ஜூன் கடைசியிலேயே ஒரு படி மேலே ஏற்றிவிடுகிறீர்கள். ஜூலையில் புதிய வீரர் தேர்வு நடக்கிறது; அதில் எடுத்த கல்லூரிப் பையன்களுக்கு இடம் வேண்டும். ஜூலை இறுதியில் வீரர் பரிமாற்றக் கெடு வரும்போது இன்னும் சிலர் வேறு கிளப்களுக்குக் கைமாறுகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் இரண்டாம் பாதியில் தோற்றுக்கொண்டே வந்தாலும், முன்பு அங்கே ஆடியவர்கள் சம்பாதித்துவைத்த டிக்கெட்டில் பிளேஆஃப் ஆடுவார்கள். ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டதால் அந்த ஊரின் ஜூலை, ஆகஸ்ட் ஆட்டங்களுக்கு எந்தப் பதைபதைப்பும் கிடையாது. 2023-இல் டபுள்-ஏ சதர்ன் லீக்கில் இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. பந்து வீசும் பிட்சரின் பிடிமானத்துக்காக முன்கூட்டியே பசைத்தன்மை ஏற்றிய பந்தை அந்த லீக்கில் பரிசோதித்தீர்கள். சீசனின் முற்பகுதியில் ஒரு பந்து, பிற்பகுதியில் பழைய பந்து. பந்தே வேறாக இருந்த ஆட்டங்களின் கணக்கையும் வைத்துத்தான் அந்த ஆண்டின் பிளேஆஃப் அணிகள் முடிவாயின.

சீசனைப் பாதியாக வெட்டுவதன் லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் சொந்த வீட்டிலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறீர்கள். 1892-இல், இன்று மேஜர் லீக்கின் ஓர் அங்கமான நேஷனல் லீக் செய்து பார்த்து, ஒரே ஆண்டில் கைவிட்டது. 1981-இல் வீரர்களின் வேலைநிறுத்தம் சீசனின் நடுவில் ஓட்டை போட்டபோது வேறு வழியின்றி மறுபடி செய்தீர்கள். அந்த ஆண்டு சின்சினாட்டி ரெட்ஸ் 66 வெற்றி, 42 தோல்வி. மேஜர் லீக்கில் அதைவிட நல்ல கணக்கு யாருக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு பாதியிலும் இரண்டாம் இடம் என்பதால் ரெட்ஸ் வீட்டில் உட்கார்ந்து பிளேஆஃப் பார்த்தது. நேஷனல் லீக்கின் கிழக்குப் பிரிவில் மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருந்த செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் அதே கதி. அடுத்த ஆண்டே பழைய முறைக்குத் திரும்பினீர்கள். உங்களுக்கு இரண்டு முறை கசந்ததைக் கீழே இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஊட்டுகிறீர்கள்.

கடைசி வாரம் வரை நம்பிக்கை உயிரோடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பிரிப்பு என்பீர்கள். நியாயமான கவலைதான். அதற்கு இதைவிட நல்ல மருந்து 1933-இலேயே கிடைத்துவிட்டது. பொருளாதார மந்தத்தில் லீக்குகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்த காலம். மொண்ட்ரியல் ராயல்ஸ் என்ற மைனர் லீக் அணியின் நிர்வாகியாக இருந்த ஃபிராங்க் ஷாக்னெஸி, ஐஸ் ஹாக்கியைப் பார்த்து ஒரு திட்டம் கொண்டுவந்தார்: முழுச் சீசனின் முதல் நான்கு இடங்களுக்கும் பிளேஆஃப். முதல் ஆண்டே அது சங்கடத்தில் கொண்டுபோய் விட்டது. நியூவார்க் 102 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருக்க, வென்றதைவிடத் தோற்றது அதிகமாகி நான்காவதாக வந்த பஃபலோ இன்டர்நேஷனல் லீக் கோப்பையைத் தூக்கிச் சென்றது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் நான்காவது இடத்துக்காக ஆறு, ஏழு ஊர்கள் செப்டம்பர் வரை மல்லுக்கட்டின, மக்கள் வந்தார்கள், மற்ற லீக்குகளும் அதை எடுத்துக்கொண்டன. ஷாக்னெஸி பின்னாளில் அந்த லீக்கின் தலைவராகி 1960 வரை அந்தப் பதவியில் இருந்தார். பஃபலோ மாதிரி விபத்துகளைத் தடுக்க முதலிட அணிக்கு ஏதாவது சலுகை கொடுத்தால் போதும். முழுச் சீசனையும் எண்ணுவது என்ற அடிப்படை அதில் இருக்கிறது, உங்கள் முறையில் இல்லை.

யார் பிளேஆஃப் போகிறார்கள் என்பதைவிட, போனபின் எப்படி ஆடுகிறார்கள் என்பது பெரிய விஷயம். ஆட்டத்தை நடத்தும் மைனர் லீக் மேனேஜரின் சட்டைப் பையில் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் அனுப்பியதுதானே. இன்று தொடங்கும் பிட்சருக்கு 75 பந்து. அடுத்து வருபவருக்கு இரண்டு இன்னிங்ஸ், எதிரணி எப்படி அடித்தாலும் இரண்டுதான். நேற்றுப் போட்டவரை இன்று தொடக் கூடாது. ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் இன்னார் நிற்க வேண்டும். அவருக்கு அங்கே கை வருகிறதோ இல்லையோ, நீங்கள் அவரை அங்கே பார்க்க விரும்புகிறீர்கள். ஒரு ரன் முன்னிலையில் எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள் என்றால் மேஜர் லீக் மேனேஜர் தன் சிறந்த பிட்சரைக் கூப்பிடுவார். மைனர் லீக் மேனேஜர் தாளைப் பார்ப்பார். மே மாதத்தில் இதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்திலும் அதே தாள் என்றால், அங்கே நடப்பதற்குச் சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்து டிக்கெட் விற்காதீர்கள்.

இது நாற்றங்கால், இங்கே அறுவடையை எதிர்பார்க்கலாமா என்பதுதான் உங்கள் முதன்மையான மறுப்பு. பிராஞ்ச் ரிக்கி என்ற மனிதர், செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸில் இருந்துகொண்டு 1920-களில் நாற்றங்கால் போன்ற இந்தப் பண்ணை முறையை உருவாக்கினார். விலை கொடுத்து நட்சத்திரங்களை வாங்கப் பணமில்லாத கிளப், சின்ன ஊர் அணிகளை வளைத்துப்போட்டுத் தானே பயிரிட்டுக்கொண்டது. அன்றைய கமிஷனர் நீதிபதி லாண்டிஸுக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரே லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கார்டினல்ஸ் பிடியில் இருந்தன என்பதைக் கண்டுபிடித்து, 1938-இல் 70-க்கும் அதிகமான வீரர்களை அந்தக் கிளப்பின் பிடியிலிருந்து விடுவித்தார். இரண்டு போட்டியாளர்களையும் ஒரே கை ஆட்டினால் அந்த லீக்கின் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதே அதிலிருந்த கேள்வி. லாண்டிஸ் எல்லாவற்றிலும் நல்லவர் அல்ல. கறுப்பின வீரர்கள் மேஜர் லீக்கில் கால்வைக்காமலே அவர் காலம் கழிந்தது. ஆனால் இந்தக் கேள்வியை அவர் சரியாகவே கேட்டார்.

பண்ணை அணி என்றாலே வெற்றியில் அக்கறை கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 1937-இன் நியூவார்க் பேர்ஸ் அணியைப் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸின் முதலாளி ஜேக்கப் ரூப்பர்ட்டுக்கே சொந்தமான பண்ணை அது. 109 வெற்றி, 43 தோல்வி. இரண்டாம் இடத்தைவிட 25½ ஆட்டம் முன்னிலை. லிட்டில் வேர்ல்ட் சீரிஸ் என்ற மைனர் லீக் இறுதித் தொடரில் கார்டினல்ஸின் பண்ணையான கொலம்பஸுக்கு எதிராகச் சொந்த மண்ணிலேயே முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. பிறகு கொலம்பஸுக்கு ரயிலேறிப் போய் அங்கே தொடர்ச்சியாக நான்கையும் வென்றது. ஜோ கார்டன், சார்லி கெல்லர் இருவரும் அந்த அணியில் இருந்தார்கள்; இரண்டு ஆண்டுக்குள் இருவரும் யாங்கீஸின் தூண்கள் ஆனார்கள். அந்த 1937-இல் யாங்கீஸ் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது; 1938-இலும் 1939-இலும் வென்றது. மூன்று தோல்விக்குப் பின் எதிரியின் ஊரில் நான்கு ஆட்டம் வெல்லப் பழகியதால் அந்தப் பையன்களின் வளர்ச்சி தடைப்பட்டதாகத் தெரியவில்லை.

பழங்கதை என்று தள்ளுவீர்களானால் புதியதற்கு வருகிறேன். டாம்பா பே ரேஸ், வீரர் சம்பளத்துக்கு மிகக் குறைவாகச் செலவழிக்கும் கிளப்களில் ஒன்று. வளர்த்தெடுத்துத்தான் பிழைத்தாக வேண்டும். அதன் சிங்கிள்-ஏ அணியான சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ் 2021, 2022, 2023 என மூன்று ஆண்டு தொடர்ந்து லீக் சாம்பியன். டிரிபிள்-ஏ அணியான டர்ஹம் புல்ஸ் 2022-இல் அந்த நிலையின் தேசியப் பட்டத்தை வென்றது. 2019 முதல் 2023 வரை ஐந்து ஆண்டும் ரேஸ் மேஜர் லீக் பிளேஆஃப் ஆடியது. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2023-இல் 101 ஆட்டங்களை வென்ற அதே இலையுதிர் காலத்தில்தான் அதன் டிரிபிள்-ஏ அணியான நார்ஃபோக் டைட்ஸும் சாம்பியன் ஆனது. ஆண்டின் தொடக்கத்தில் சிங்கிள்-ஏயில் இருந்த ஜாக்சன் ஹாலிடே, மூன்று நிலைகளை ஒரே சீசனில் தாண்டி, 19 வயதில் செப்டம்பர் மாதம் நார்ஃபோக் வந்து சேர்ந்தார். பட்டத்துக்குப் போராடும் அணிக்கு அனுப்பினால் பையன் பாழாகிவிடுவான் என்று ஓரியோல்ஸ் நினைக்கவில்லை. வென்றதால் வளர்ந்தார்கள் என்று நான் வாதிடவில்லை. திறமைசாலிகள் நிறைந்த அணி வெல்லத்தான் செய்யும். வெற்றிக்கு முயல்வது வளர்ச்சிக்குப் பகை என்ற உங்கள் வாதத்தை உடைக்க இந்த அளவு போதும்.

பிட்சரின் தோள்பட்டை, முழங்கை என்று அடுத்து வருவீர்கள். இருபது வயதுப் பையனின் கையைக் கோப்பைக்காகப் பலி கொடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹை-ஏயில் பிளேஆஃபின் இரண்டு சுற்றும் முழு நீளம் போனாலும் மொத்தம் ஆறு ஆட்டம். ஒரு பிட்சர் அதில் அதிகம் போனால் இரண்டு முறை தொடங்குவார். பத்துப் பன்னிரண்டு இன்னிங்ஸ். 132 ஆட்டத்துக்கும் பந்து எண்ணி வைக்கிற உங்களால், ஏப்ரலிலேயே இந்தப் பன்னிரண்டை ஒதுக்கிவைக்க முடியாதா? மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்தப் பையனுக்கு ஓய்வு கொடுத்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எங்கே ஓய்வு கொடுப்பது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்; அது மட்டும் எப்போதும் செப்டம்பரில் வந்து விழுகிறது. ஆயிரக்கணக்கானோர் கத்திக்கொண்டிருக்க, தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற நிலையில் பந்து வீசிப் பழகுவதும் பயிற்சிதான். அந்தப் பாடத்தை அக்டோபரில் மேஜர் லீக் மேடையில்தான் முதல்முறை படிக்க வேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறீர்கள்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் வீரர்கள் பக்கத்திலிருந்து வரும். ஊருக்காக ஒருவரின் பதவி உயர்வைப் பிடித்துவைப்பது அநியாயம். பால்டிமோர் மைனர் லீக்கில் இருந்த காலத்தில் ஜாக் டன் என்ற உரிமையாளர் அதைத்தான் செய்தார். 1919 முதல் 1925 வரை ஏழு பட்டம் தொடர்ந்து வென்றார். அதற்காக லெஃப்டி குரோவ் போன்ற பிட்சரை 1920 முதல் 1924 வரை விற்காமல் வைத்திருந்து, கடைசியில் 1,00,600 டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார். இருபத்தைந்து வயதில் மேலே போன குரோவ் அதற்குப் பிறகும் 300 வெற்றி கண்டார் என்பது டன்னுக்குச் சாதகமான வாதம் ஆகாது. அந்த ஐந்து ஆண்டு குரோவுடையது. இன்றைய நிலவரத்தில் அநியாயம் இன்னும் பெரிது. வீரர்கள் சங்கமாகச் சேர்ந்த பிறகு, 2023 ஒப்பந்தத்தில் டிரிபிள்-ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. அதே ஆண்டு மேஜர் லீக் குறைந்தபட்சம் 7,20,000. மேலே கூப்பிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எந்த ஊரின் கோப்பையும் அதற்குக் குறுக்கே நிற்க வேண்டாம். நான் கேட்பது குறுகலானது. ஆகஸ்ட் மத்திக்குப் பிறகு டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ ஆகிய நான்குக்கும் இடையே ஆட்களைக் கலைத்துப் போடுவதை நிறுத்துங்கள். காயம் பட்டால் விலக்கு, மேஜர் லீக் அழைப்புக்கு விலக்கு, மற்றவர்கள் எந்த அணியில் இருக்கிறார்களோ அங்கேயே சீசனை முடிக்கட்டும். 2019 வரை செப்டம்பரில் உங்கள் மேஜர் லீக் அணிப் பட்டியல் 40 பேர் வரை விரிய முடிந்தது. அப்போது இந்த வேண்டுகோள் செல்லுபடியாகியிருக்காது, டிரிபிள்-ஏயையே மேலே காலிசெய்துவிடுவீர்கள். இப்போது செப்டம்பரில் 28 பேர்தான், அதாவது கூடுதலாக இருவர். கீழே இருந்து கூட்டமாக அள்ள வேண்டிய தேவையை உங்கள் விதியே ஒழித்துவிட்டது.

கூட்டமே வராத ஆட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வரவு செலவு பார்ப்பவர்கள் கேட்பார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்துவிடும், அமெரிக்கன் ஃபுட்பால் தொடங்கிவிடும், பிளேஆஃப் தேதி கடைசி நேரத்தில்தான் தெரியும். இருக்கைகள் காலியாகக் கிடப்பது உண்மைதான். மைனர் லீக்குக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வாணவேடிக்கைக்கும் மலிவு விலை ஹாட் டாக்குக்கும் வருகிறார்கள், ஸ்கோர் பலகையைப் பார்ப்பதில்லை என்பதும் பெருமளவு உண்மை. ஆனால் மக்கள் இயல்பிலேயே அப்படியா, நாம் பழக்கிவிட்டோமா? 1946 அக்டோபரில் மொண்ட்ரியல் அப்படி இல்லை. லிட்டில் வேர்ல்ட் சீரிஸில் லூயிவில் நகரில் நடந்த முதல் மூன்று ஆட்டங்களில், மொண்ட்ரியலுக்கு ஆடிய கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். மொண்ட்ரியல் மக்கள் அதைப் படித்துவிட்டு, தொடர் தங்கள் ஊருக்கு வந்ததும் லூயிவில் வீரர் ஒவ்வொருவரையும் கூச்சலிட்டே வரவேற்றார்கள். மூன்று ஆட்டமும் வென்று தொடர் முடிந்ததும் ராபின்சனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். வாணவேடிக்கைக்கு வந்த கூட்டம் அல்ல அது. சரி, கேளிக்கைதான் எல்லாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களுக்குப் போட்டி சவானா பனானாஸ். நடனமும் குட்டிக்கரணமுமாகக் காட்சி ஆட்டம் ஆடும் அந்தக் குழு 2022-இல் தான் ஆடிவந்த லீக்கையே உதறிவிட்டு, இன்று உங்கள் மேஜர் லீக் அரங்குகளை நிரப்புகிறது. யார் ஜெயித்தால் என்ன என்ற விளையாட்டை அவர்கள் உங்களைவிடப் பல மடங்கு நன்றாக நடத்துகிறார்கள். அவர்களால் கொடுக்க முடியாதது ஒரு பட்டப் போட்டியின் பதற்றம். அதைத்தான் நீங்கள் வீணடிக்கிறீர்கள்.

டிரிபிள்-ஏ இறுதி ஆட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 150 ஆட்டம் ஆடி, லீக் கோப்பையும் வென்ற இரண்டு அணிகளை லாஸ் வேகஸுக்கு வரவழைத்து ஒரே ஓர் ஆட்டத்தில் தேசியப் பட்டத்தை முடிக்கிறீர்கள். 2023-இல் வர்ஜீனியாக் கடற்கரையிலிருந்து நார்ஃபோக், நாட்டின் நடுப்பகுதியிலிருந்து ஓக்லஹோமா சிட்டி, ஆடியது நெவாடாப் பாலைவனத்தில். நார்ஃபோக் 7-0 என்று வென்றது. ஏப்ரலிலிருந்து டிக்கெட் வாங்கிய அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு நாட்டின் மறுகோடிக்கு விமானம் ஏற வசதி இருந்திருக்கும்? தொலைக்காட்சிக்குத் தேதி முன்கூட்டியே தெரிவது வசதி என்பது புரிகிறது. தேதியை நிர்ணயித்துக்கொள்ளுங்கள், இடத்தை மட்டும் விடுங்கள். நல்ல கணக்கு வைத்திருக்கும் அணியின் ஊரில் ஆடினால் தேதி ஒன்றும் மாறாது.

மூன்று ஆட்டப் பிளேஆஃப் தொடர்களை ஐந்து ஆட்டமாக நீட்டினால் இன்னும் நல்லது, ஆனால் அதற்குச் சீசனைக் கொஞ்சம் சுருக்க வேண்டிவரும். உங்கள் அட்டவணை செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டத் தொகுதிகளாக ஓடுவதால், ஒரு தொகுதியை வெட்டினால் ஊருக்குச் சராசரியாக மூன்று ஆட்ட வசூல் போகும். அது சின்ன ஊர் உரிமையாளரின் வயிற்றில் அடிக்கும் வேலை, மறைக்க முடியாது. அந்த நட்டத்தை அவர்கள் தலையில் கட்டாமல் நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். மேஜர் லீக்கின் ஆண்டு வருமானம் 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2021-இல் நீங்கள் கொடுத்த பத்தாண்டு உரிமங்களோடு விளக்கு, உடைமாற்றும் அறை, பயிற்சிக் கூடம் என்று புதிய தரநிலைகளையும் விதித்தீர்கள். பல ஊர்கள் வரிப்பணத்தைப் போட்டு அதைச் செய்துகொடுத்தன, செய்யாவிட்டால் 2020-இல் கழற்றிவிடப்பட்ட நாற்பது ஊர்களின் வரிசையில் சேர நேரிடும் என்ற பயத்தில். அந்த உரிமங்கள் 2030-இல் முடிகின்றன. மறுபடி பேச உட்காரும்போது ஊர்க்காரர்கள் கேட்காவிட்டாலும் இந்த மூன்றையும் நீங்களே மேசையில் வையுங்கள்: முழுச் சீசன் கணக்கு, ஆகஸ்ட் மத்தியோடு பூட்டிய பட்டியல், சொந்த ஊரில் இறுதி ஆட்டம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. அடுத்த செப்டம்பரில் பிளேஆஃப் தொடங்கும் நாளன்று உங்கள் மேனேஜர்களுக்கு அந்தத் தாளை அனுப்பாதீர்கள். பந்து எண்ணிக்கையின் உச்சவரம்பை மட்டும் சொல்லிவிட்டு, யாரை எப்போது இறக்குவது என்பதை அவர்களிடமே விடுங்கள்.